எண்ணெய் வேஸ்ட்

மில்லுச் சங்கு கேட்டு எழுந்து, மில்லுச் சங்கு கேட்டுச் சோறு வடித்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் முதல் வார்த்தையிலேயே தடுக்கி நிற்பார்கள். வேஸ்ட் என்கிற வார்த்தையைத்தான் சொல்கிறேன்.

இன்றைக்கு அது வசவு. என் பேத்தி கிரிக்கெட் பார்த்துக்கொண்டே எவனையோ சுத்த வேஸ்ட் என்கிறாள். காலையில் விசில் ஊதிக்கொண்டு வருகிற நகராட்சிப் பெண், வேஸ்ட் இருக்கிறதா என்று வாசலில் நின்று கேட்கிறாள். கல்யாண மண்டபத்தில் பாதியில் இலையை மூடினால், இவ்வளவு சோற்றை வேஸ்ட் பண்ணலாமா என்று பக்கத்து இலைக்காரி கோபிக்கிறாள். எதிர்வீட்டுக்காரி தன் மூத்த மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெருமூச்சு விட்டு அதே வார்த்தையில்தான் வந்து நிற்பாள். குப்பைக்கும் அதுதான், சோற்றுக்கும் அதுதான், பெற்ற பிள்ளைக்கும் அதுதான்.

நம் காலத்தில் வேஸ்ட் என்றால் பஞ்சு. வேறு அர்த்தமே கிடையாது. அது இங்கிலீஷ் என்றுகூட நமக்குத் தெரியாது. ஊரை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். மில்லில் பெரிய துரையாக இருந்தவன் இங்கிலீஷ்காரன். அதனால் ஊருக்குள் நகராட்சிக்கு மேரி, சிப்பாய்க்கு சொல்தா என்று ஒரு பாஷை, மில்லுக்குள் ஷிப்ட், பாபின், வேஸ்ட் என்று ஒரு பாஷை. இரண்டுமே தமிழ் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த நாலு எழுத்தும் ஐம்பது வயதுக்கு மேல் தெருப் பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து கற்றது. ஆனால் இந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று வேஸ்ட் உண்டு. பஞ்சு வேஸ்ட் என்பது இயந்திரத்தின் அடியில் உதிர்ந்து கிடப்பது. அதைக் கூட்டி அள்ளி, தூசி தட்டி, மறுபடி இயந்திரத்திலேயே போட்டு முரட்டு நூலாக்குவார்கள். நூல் வேஸ்ட் என்பது அறுந்த நூல். அதை வைத்துத்தான் இயந்திரம் துடைப்பார்கள். துடைத்துத் துடைத்து எண்ணெய் ஏறிப்போனால் அது எண்ணெய் வேஸ்ட். அதை யாரும் தொடமாட்டார்கள். நான் தொட்டேன்.

அப்போது எனக்கு எட்டு, ஒன்பது வயது. உலகச் சண்டைக் காலம். மில்லுக்குத் தெற்கே ஒரு வரிசையில் பதினொரு கூரை வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே கிணறு. ஓர் அறை, ஒரு தாழ்வாரம் உள்ள வீடு எங்களுடையது. அப்பா தறியில் வேலை. அம்மா கைக்குழந்தையான என் தம்பியோடு வீட்டில் இருந்தாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, மில்லில் வேஸ்ட் குடோனில் பிரித்துப் போடுகிற வேலை செய்தாள்.

அத்தைக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கல்யாணமாகி ஆறு மாதத்தில் புருஷன் சைகோனுக்குக் கப்பல் ஏறினான். இரண்டு கடிதம் வந்தது, ஒரு படம் வந்தது. பிறகு சண்டை மூண்டு கப்பலே வரவில்லை. நோணாங்குப்பத்தில் இருந்த புருஷனின் அண்ணன், தன் தம்பி திரும்பி வந்ததும் இவளை அழைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் அனுப்பினால் எருமை மாட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்றும் சொல்லியிருந்தாராம். அத்தைக்கு இந்த உலகத்தில் இருந்த இடம் எங்கள் தாழ்வாரத்தில் ஒரு பாய் அகலம். அது போனால் அடுத்தது அந்த எருமைக் கொட்டகைதான். இது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அத்தைக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அதனால் அவள் வீட்டில் நடமாடுகிற சத்தமே கேட்காது. சோற்று ஏனத்தைக்கூடத் தரையில் வைக்கிற மாதிரி வைக்கமாட்டாள், படுக்கப் போடுகிற மாதிரி வைப்பாள்.

சாயங்காலம் அத்தை வருகிற நேரம்தான் எனக்கு விளையாட்டு நேரம். வந்ததும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்ப்பாள். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி நூல் வேஸ்ட் விழும். மில்லுக்காரிகள் கொண்டை ஏன் அவ்வளவு பெரிசு என்று ஊரார் கேட்டதற்கு இதுதான் பதில். கேட்டில் சோதனை போடுகிற பெண் இடுப்பைத் தட்டுவாள், முந்தானையை உதறச் சொல்வாள், தலையை மட்டும் தொடமாட்டாள். அவள் கொண்டையிலும் அதுதான் இருந்தது. அத்தை தன் கூந்தலிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்து என் மடியில் போடுவாள். அவள் தலையில் தேங்காயெண்ணெய் வாசனையும் குடோன் தூசி வாசனையும் சேர்ந்து அடிக்கும். நான் இழைகளை முடிச்சுப் போட்டு உருண்டையாகச் சுற்றுவேன். அம்மா அதை வாங்கி விளக்குக்குத் திரி போடுவாள், பாய் தைப்பாள், தம்பிக்கு அரைஞாண் திரிப்பாள்.

தம்பி பிறந்தபோது அத்தையின் தலையணை அவனுக்குப் போய்விட்டது. கல்யாணத்துக்குக் கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை. அம்மா கேட்டும் வாங்கவில்லை, பிடுங்கவும் இல்லை; எடுத்து அவன் தலைக்குக் கீழே போட்டாள், அவ்வளவுதான். அத்தை அன்றிலிருந்து முழங்கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தாள். காலையில் கை மரத்துப்போய் உதறிக்கொண்டே மில்லுக்குப் போவாள். அதைப் பார்த்துத்தான் நான் ஒரு தலையணை செய்வதென்று முடிவு செய்தேன். யாருக்கும் சொல்லாமல் செய்து, ஒருநாள் அவள் பாயில் வைத்துவிட வேண்டும்.

கொண்டை நூல் தலையணைக்குக் காணாது. பஞ்சு வேண்டும். பக்கத்து வீட்டில் மில்லு ஆசாரி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. அன்று அவர் வீட்டு வாசலில் நாற்காலி, கட்டில், ஜன்னல் கதவு என்று வெள்ளைக்காரத் தெரு வீட்டு வேலை நடக்கும். இழைத்து முடித்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பார். மில்லிலிருந்து கொண்டுவந்த வேஸ்ட்டை அதில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்து, மஞ்சளாக ஆனதும் வேலி ஓரம் எறிவார். சாயங்காலம் அவற்றைப் பொறுக்கி ஒரு குழியில் போட்டு, மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். குப்பைக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று நினைத்ததோடு சரி, ஏன் என்று நான் கேட்கவில்லை.

குழிக்குப் போகும் முன்னால் நான் எடுத்துக்கொண்டேன். பிசுபிசுவென்று இருந்தது. அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். புதுக் கதவு வாசனை. காய்ந்தால் மெத்தென்று ஆகிவிடும் என்று நினைத்து, அப்பாவின் கிழிந்த வேட்டித் துண்டில் இறுக்கிச் சுருட்டிக் கட்டி, அத்தையின் தகரப் பெட்டிக்குப் பின்னால் சொருகினேன். வேறு எங்கே வைத்தாலும் அம்மா கையில் அகப்படும். அத்தையின் பொருள்கள் இருந்த மூலைக்கு மட்டும் அம்மா போவதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அத்தைக்கு வாராவாரம் திங்கட்கிழமை வேலை கிடையாது. ஞாயிறு இயந்திரம் ஓடாததால் மறுநாள் பிரிக்க வேஸ்ட் இருக்காது. கத்திரி வெயில். சாப்பிட்டுவிட்டு அம்மா தம்பியோடு கண்ணயர்ந்திருந்தாள். நான் கிணற்றடியில் கூழாங்கல் ஆடிக்கொண்டிருந்தேன். அத்தை என்னை வீட்டுக்குப் பின்புறம் வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அவள் காலடியில் ஒரு சட்டித் தண்ணீர். அதில் கன்னங்கரேலென்று ஒரு உருண்டை, என் மூட்டை. இன்னும் சீறிக்கொண்டிருந்தது.

என் இரண்டு கைகளையும் எடுத்து முகர்ந்து பார்த்தாள். முகர்ந்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. இனிமே செய்யாத. இன்னா, புரியுதா?"

நான் தலையாட்டினேன். ஆசாரி வீட்டுப் பொருளை எடுத்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அது எப்படிக் கருகியது என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அவள் அடுப்பு மேடைக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். அன்றிலிருந்து அம்மா அடுப்பு மூட்ட வேண்டுமென்றால் அத்தையிடம்தான் கேட்க வேண்டும். தீப்பெட்டி கிடைக்காத காலம் என்பதால் எங்கோ பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள் என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

மூன்று, நாலு வாரம் பொறுத்தேன். அத்தை கையை உதறிக்கொண்டு போவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மறுபடி ஆசை வந்தது. இந்தத் தடவை ஆசாரி பெரிய பீரோ ஒன்றுக்கு எண்ணெய் போட்டிருந்தார். வேஸ்ட் நிறைய. அதைக் கொண்டுவந்து, தாழ்வாரத்துக் கொடியில் தொங்கிய அத்தையின் துணி மூட்டைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மூட்டை புகைந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். இழுத்துக் கீழே போட்டபோது குப்பென்று எரிந்தது. அத்தையின் கூறைப்புடவையில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு ஓட்டை. அம்மா கத்தவில்லை. அடுப்பைப் போய்த் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது. விளக்கு எரியவில்லை, பீடி குடிக்கிற ஆண் எவரும் வீட்டில் இல்லை. கிணற்றடிப் பெண்கள் கூடிவிட்டார்கள். தானாகப் பற்றிக்கொண்டது என்று ஒருத்தி சொன்னாள். ஏவல் என்றாள் இன்னொருத்தி. போனவன் அங்கே செத்திருப்பான், பெண்டாட்டியைத் தேடி வந்திருக்கிறான் என்று கிழவி ஒருத்தி சொன்னபோது அத்தை ஓட்டைப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து, ஓட்டை உள்பக்கம் போகிற மாதிரி திருப்பி, மறுபடி மடித்தாள். பிறகு கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடிப் பார்த்தாள். நான் அம்மா பின்னால் ஒளிந்தேன்.

எனக்கும் பயம் பிடித்துவிட்டது. நான் நெருப்பு வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். என் மூட்டைதான் எரிந்தது என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சியது: மாமா. சைகோனில் செத்துப்போன மாமா, நான் அத்தைக்காகச் சேர்த்து வைக்கிறதையெல்லாம் தேடி வந்து எரிக்கிறார். இராப்பகல் அதே நினைப்பு. தாழ்வாரத்து மூலையில் நிற்கிறார், தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார், அத்தை தலை வாரும்போது பின்னால் நின்று பார்க்கிறார். படத்தில் அவருக்கு ஒரு கோட்டு, ஒரு தொப்பி. கண் இருக்கிற இடத்தில் நிழல். அந்தக் கண்ணில்லாத முகத்தோடுதான் எனக்குத் தெரிந்தார். அத்தை பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தை பாயை இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சிரிப்பவர்கள் சிரியுங்கள். மாமாவுக்கென்று தனியாக ஒன்று செய்து வைத்துவிட்டால் அத்தையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பேய் கூரை இடுக்கு வழியாகத்தான் இறங்கும் என்று கிணற்றடியில் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மடி நிறைய எண்ணெய் வேஸ்ட் அள்ளிக்கொண்டு வந்தேன். கோணித் துண்டில் திணித்து, நாலு மூலையும் தைத்து, அசல் தலையணை மாதிரியே செய்தேன். முக்காலியில் ஏறி, தாழ்வாரத்துக் கூரையில் மூங்கிலுக்கும் ஓலைக்கும் நடுவே அதைச் செருகினேன். மாமா, இதை எடுத்துக்கோ, அத்தையை ஒண்ணும் செய்யாதே என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் கூரை எரிந்தது.

நான் கிணற்றடியிலிருந்து பார்த்தேன். முதலில் கீற்றுக்குள்ளிருந்து பால் மாதிரிப் புகை. பிறகு ஒரு சத்தம், துணி கிழிகிற மாதிரி. அம்மா குடத்தோடு கிணற்றடியில் என் பக்கத்தில் நின்றிருந்தாள். தம்பி உள்ளே தூளியில். அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் தாழ்வாரம் முழுதும் பிடித்துக்கொண்டது. அத்தை உள்ளேயிருந்து வந்தாள். தம்பியை முந்தானைக்குள் சுருட்டி வயிற்றோடு அணைத்து, குனிந்து, எரிகிற ஓலைக்குக் கீழாக வந்தாள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருண்டிருந்தது. தம்பிக்கு ஒரு மயிர்கூடக் கருகவில்லை.

பிள்ளையை அம்மாவிடம் நீட்டியபோது அவள் இடுப்பிலிருந்து தீப்பெட்டி விழுந்தது.

அம்மா பிள்ளையை வாங்கினாள். குனிந்து தீப்பெட்டியை எடுத்தாள். ஆட்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஆசாரி ஏறிக் கூரையைப் பிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் களேபரத்தில் அம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

"இது உன் இடுப்புல எதுக்குடி?"

அத்தை அப்போதும் என்னைத்தான் பார்த்தாள்.

ஆசாரிக்கு என் மூட்டைகளைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று, விஷயம் தெரிந்த ஒரு மனிதர், தெரியாமலே எங்கள் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை உடுக்கைப் பூசாரியை அழைத்துவந்தார்கள். உச்சி வேளை. மேலே கூரை இல்லாததால் தாழ்வாரத்தில் வெயில் நேராக விழுந்தது. அத்தையின் கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார வைத்தார்கள். அதிலிருந்து நூல் வேஸ்ட் விழுந்தது. பூசாரி அதைக் குச்சியால் தள்ளிவிட்டு, இது என்ன மயிர் என்றார். எந்தெந்தக் கிழமை பற்றியது என்று கேட்டார். மூன்று தடவையும் திங்கட்கிழமை என்றாள் அம்மா. முதல் தடவையை அத்தை தானே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும், அடுப்புப் பொறி என்று ஏதோ சொல்லி. புருஷன் கப்பல் ஏறிய கிழமை எது என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்து, அதுவும் திங்கட்கிழமைதான் என்றாள். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிழமை பார்த்து நினைவு வைக்கிறவள் அல்ல அம்மா.

உடுக்கை அடித்தார், வேப்பிலையால் அடித்தார். அத்தை ஆடவில்லை. கண்ணை மூடவில்லை. வெந்த கையில் வாழைச்சாறு காய்ந்து பளபளத்தது. இது அழுத்தமான பேய், இறங்காது என்றார் பூசாரி. பிறகு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். இவள் மேல் இல்லையென்றால் இந்த வீட்டில் வேறு எவர்மேலோ இருக்கிறது, இன்னொரு பெண் உண்டா என்று கேட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண் என்மேல் வந்தது. கூடவே அப்பா கண்ணும் வந்தது.

"நீதானே வெச்ச?" என்று பூசாரி கேட்டார். எங்கள் இருவரில் யாரைக் கேட்டார் என்றே சொல்ல முடியாது.

அத்தை தலையை ஆட்டினாள். ஒரு தடவை, நிதானமாக.

அவ்வளவுதான். பேய் ஒத்துக்கொண்டது என்று அத்தனை பேருக்கும் நிம்மதி. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இனி இவளை வைத்திருக்க முடியாது என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா மூன்றாம் நாள் நோணாங்குப்பத்துக்கு மாட்டு வண்டி பிடித்து வந்தார். தகரப் பெட்டியை அவரே தூக்கி வைத்தார். வண்டியில் ஏறும் முன் அத்தை என் தலையில் கை வைக்க வந்தாள். பேய் என்னைத் தொட வருகிறது என்று நான் ஓர் அடி பின்னால் போய்விட்டேன். நீட்டிய கையை அவள் அப்படியே தன் முந்தானைக்குக் கொண்டுபோய், அதைச் சரி செய்கிற மாதிரி செய்துகொண்டாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நெருப்பு வரவில்லை. வராதது அத்தை போனதால் என்று ஊர் சொன்னது. நான் எண்ணெய் வேஸ்ட் எடுப்பதை விட்டுவிட்டேன் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, நானும் சேர்க்கவில்லை. சண்டை முடிந்து சைகோன்காரர்கள் திரும்பி வந்தார்கள். மாமா வரவில்லை. எனக்கு வில்லியனூரில் கட்டிக்கொடுத்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், மறுபடி டவுனுக்கே வந்தோம். நோணாங்குப்பம் எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் கால் மணி நேரம். போகவில்லை. அந்தப் பேச்சே நம் வீட்டில் கூடாது என்று அப்பா சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அத்தை செத்துவிட்டதாக ஆள் வந்து சொன்னபோதும், சின்னவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காய்ச்சல் இல்லை. கதவுக்கு வார்னிஷ் அடிக்கிற வீட்டைத் தாண்டிப் போனால் அப்போதெல்லாம் என் கழுத்துக்குப் பின்னால் எவரோ நிற்பார்கள். அவர்களோடு போய் அத்தை எதிரில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். என் மருமகள் தொழிற்பேட்டையில் பெயிண்டு கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம் நான் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் சீருடையை மாற்றாமலே பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குக் கம்பெனியில் ஒரு கிளாஸ் எடுத்த கதையைச் சொன்னாள்.

"எண்ணெய் வேஸ்ட்ட சுருட்டிக் குமிச்சி வெக்கக் கூடாதாம் அத்தை. மூடி போட்ட டின்னுலதான் போடணுமாம். தண்ணி ஊத்தி வெக்கணுமாம்."

ஏன் என்று கேட்டேன்.

"தானா பத்திக்குமாம். தீக்குச்சி கூட வேணாமாம். உள்ளயே சூடு ஏறி ஏறி, மறுநாளு பாத்தா பொகைய ஆரம்பிச்சிடுமாம். அதுவும் ஆளி எண்ணெயா இருந்துச்சின்னா கேக்கவே வேணாமாம். எனக்கு சிரிப்பா வந்துச்சி. நீங்க இன்னாத்துக்கு இப்பிடிப் பாக்கறீங்க?"

நான் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தேன். ஞாயிறு எடுத்தது, திங்கள் எரிந்தது. கத்திரி வெயில். இறுக்கிக் கட்டிய மூட்டை. ஆசாரி குழியில் ஊற்றிய ஒரு குடம் தண்ணீர். மாமா வரவில்லை. எந்தக் காலத்திலும் வரவில்லை. தாழ்வாரத்தில் எவரும் நிற்கவில்லை. அறுபது வருடமாக என் கழுத்துக்குப் பின்னால் நின்றது ஒரு மடி எண்ணெய் வேஸ்ட்.

அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. அடுத்த ஞாயிறு என்னை நோணாங்குப்பம் கூட்டிப் போ என்று மருமகளிடம் சொன்னேன். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். பாலத்துக்கிட்டே நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. வெளியூர்க்காரர்கள் ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு படகுக்கு வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கேட்டாள். யாரும் தப்பு செய்யவில்லையே என்று மட்டும் சொன்னாள். அதைத்தான் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். அத்தை பேய் பிடித்தவள் அல்ல, நெருப்பு வைத்தவளும் அல்ல என்று அந்த வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

எருமைக் கொட்டகை இருந்த இடத்தில் சுற்றுலா வண்டிகளுக்கு நிழல் கொட்டகை போட்டிருந்தார்கள். மாமாவுடைய அண்ணன் மகள் இருந்தாள். அவளுக்கே அறுபது இருக்கும். அத்தையை அவள் சின்னம்மா என்றாள். நான் மில்லுப் பக்கத்துத் தெரு, உங்கள் சின்னம்மாவைத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். என்னையும் மருமகளையும் நாற்காலியில் உட்கார வைத்து டீ போட்டாள். பேசுவதற்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவளுக்கு.

தன்னை வளர்த்ததே சின்னம்மாதான் என்றாள். ஏழு எருமை, நாற்பது வருடம். ஒரு கை மடங்காது, அந்தக் கையோடே சாணி அள்ளும், பால் கறக்கும். புருஷன் வரவில்லை என்று தாலியைக் கழற்றவும் இல்லை, கட்டியிருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை.

"பாத்தா அது வாழ்க்கையே வேஸ்ட்டுதாம்மா," என்றாள். "நான் மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன். சண்டைக்கு வரும். நீ இன்னாடி கண்டன்னு கேக்கும்."

எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. டீ கிளாஸைக் கீழே வைத்தேன். சொல்ல வந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் நிறுத்தவில்லை.

"அது எங்க ஊட்டுக்கு வந்த கதைய எனக்கு மட்டும் சொல்லிச்சி. அதோட அண்ணன் மவ ஒண்ணு, எட்டு வயசாம். ஊட்டுக்கு மூணு வாட்டி நெருப்பு வெச்சிடுச்சாம். பச்சப் புள்ள, தெரியாம செஞ்சிடுச்சி. பூசாரி கையில குடுத்திருந்தா அடிச்சே கொன்னிருப்பாங்கன்னு பழிய இது ஏத்துக்கிச்சாம். சாவறதுக்கு மொத நாளு கூட சொல்லிச்சி. 'எனுக்கு இன்னாடி கொறை? ஒரு பொண்ணு உசுரக் காப்பாத்திட்டு வந்திருக்கேன். அது எங்கியோ புள்ள குட்டியோட நல்லா இருக்கும்' னு. அந்த ஒண்ண வெச்சிக்கிட்டே ஓட்டிடுச்சி காலத்த."

படகுத்துறையில் மோட்டார் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் மருமகளுக்குப் பொறுக்கவில்லை. நியாயம் தெரிந்த பெண். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"இல்லீங்க பெரியம்மா, அதை யாருமே வெக்கல. அது வந்து, எண்ணெய்..."

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். வளையல் அழுந்துகிற அளவுக்குப் பிடித்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எதிரில் இருந்தவளைத்தான் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு நான்தாம்மா," என்றேன். "நெருப்பு வெச்சது நான்தான். உங்க சின்னம்மா அன்னிக்குத் தலைய ஆட்டலன்னா நான் இன்னிக்கு இல்ல."